வீட்டில் கார் டீட்டெயிலிங் தொடங்குபவர் எதை முதலில் வாங்க வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும்?

மூன்று ஆண்டுகள் ஓடிய கறுப்பு நிறக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். நிழலில் பளிச்சென்று இருக்கும் அது, வெயிலில் நிறுத்தியதும் சிலந்தி வலை படர்ந்தது போல நுண்கீறல்களோடு தெரிகிறது. பாலிஷ் இயந்திரம், அதில் பொருத்தும் நான்கைந்து பேடுகள், கீறலைத் தேய்த்து எடுக்கும் ரப்பிங் காம்பவுண்டு, பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங் ஆகியவை அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கி, டீட்டெயிலிங் என்ற நுணுக்கமாகக் கழுவி மெருகேற்றும் வேலையை வீட்டிலேயே செய்து சரிசெய்துவிடலாமா, அல்லது வேறு எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தொகுப்பை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பொருள்கள் மட்டமானவை என்பதால் அல்ல. உங்கள் காரில் இருக்கும் கீறல்கள் எதனால் வந்தனவோ, அந்தக் காரணத்தை அவற்றில் எதுவும் தொடுவதில்லை என்பதால்தான்.

காரின் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு என்று அடுக்குகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் பூசப்பட்ட இந்த அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால், நீங்கள் தேய்க்கப்போகும் அடுக்கு எவ்வளவு மெல்லியது என்று விளங்கும். நீங்கள் வெயிலில் காணும் கீறல்கள் அந்த அடுக்கின் மேற்பரப்பில் எல்லாத் திசைகளிலும் ஓடும் மிக நுண்ணிய நேர்கோடுகளே. அவற்றுள் ஒளியைச் சுற்றி அமைந்தவை மட்டும் கண்ணுக்கு மின்னுவதால்தான் வட்டம் வட்டமாகத் தெரிகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஓட்டும்போது விழுந்தவை அல்ல. கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. தூசியில் கலந்திருக்கும் மணல்துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. அது துணிக்கும் பூச்சுக்கும் இடையில் சிக்கி இழுபடும் ஒவ்வொரு முறையும் ஒரு கோட்டைப் போட்டுவிட்டுப் போகிறது.

பாலிஷ் செய்வது என்பது அந்தக் கோடுகளின் ஆழம்வரை கிளியர் கோட்டைச் சீவி எடுப்பதுதான். ஒரு முறைக்கு ஓரிரு மைக்ரான் அளவே போகும் என்றாலும், போனது போனதுதான். கழுவும் முறையும் துணிகளும் பழையபடியே இருந்தால், இன்று இயந்திரம் வைத்து நீக்கிய கீறல்கள் சில மாதங்களில் திரும்பி வந்துவிடும்; மறுபடி சீவ வேண்டியிருக்கும். ஆகவே பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: வண்ணப்பூச்சை நேரடியாகத் தொடும் பொருள்களுக்கு முதலில், தாராளமாகச் செலவிடுங்கள், தொடாதவற்றில் சிக்கனமாக இருங்கள், பூச்சைச் சீவும் பொருள்களைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

வாங்குவதற்கு முன் காரை ஒருமுறை நன்றாகக் கவனியுங்கள். இரவில் நல்ல வெளிச்சம் தரும் எல்.இ.டி. டார்ச் ஒன்றைப் பானட்டின் மேல் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் கீறல்களின் உண்மையான அடர்த்தி தெரியும்; அதை ஒரு படமும் எடுத்து வையுங்கள். விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் இடறும் அளவுக்கு ஆழமான கீறல்கள் பாலிஷில் முழுமையாகப் போகாது என்று கொள்ளலாம். காரைக் கழுவி உலர்த்திய பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவினால், வெறுங்கைக்குப் புலப்படாத சொரசொரப்பு கூடப் புலப்படும். ஊன்றிய அழுக்கை ஒட்டி எடுக்கும், களிமண் போன்ற கிளே பார் தேவையா இல்லையா என்பதை அந்தச் சொரசொரப்பே சொல்லிவிடும். முன்பு எப்போதாவது மறுபூச்சு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும், பளபளப்பில்லாத மங்கல் (மேட்) பூச்சு அல்லது பூச்சின் மேல் ஒட்டிய படலம் ஏதும் இருக்கிறதா என்பதையும் விற்றவரிடம் கேட்டு வையுங்கள். மங்கல் பூச்சை ஒருபோதும் பாலிஷ் செய்யக் கூடாது. தேய்த்த இடம் திட்டாகப் பளபளத்துவிடும், அதைத் திரும்ப மங்கலாக்க வழியில்லை.

இனி கழுவுதலுக்கு வருகிறேன். ஷாம்பு என்று விற்கப்படும் எல்லாமே நுரை தரும். நுரையைவிட வழுவழுப்புதான் நமக்கு முக்கியம். மணல்துகளைப் பூச்சின் மேல் உருளாமல் வழுக்கிச் செல்ல வைப்பது அந்த வழுவழுப்பே. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும் நோக்கில் தயாரிக்கப்படுவது. அது முன்பு பூசிய மெழுகையும் பலவீனப்படுத்தும், வேண்டிய வழுவழுப்பையும் தராது. எனவே அமிலமும் காரமும் அல்லாத, பி.எச். நடுநிலையில் இருக்கும் கார் ஷாம்பு ஒன்று போதும். அதில் மெழுகு கலந்திருக்க வேண்டும், வாசனை இருக்க வேண்டும் என்றெல்லாம் தேட வேண்டாம். பாட்டிலில் எழுதியிருக்கும் கலவை விகிதத்தைப் பாருங்கள்: ஒன்றுக்கு ஐந்நூறு என்றிருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லிலிட்டர் என்று பொருள். பாட்டில் பெரிதா சிறிதா என்பதைவிட, அதிலிருந்து எத்தனை வாளி கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டு ஒப்பிடுவதே சரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் மலிவாகத் தெரிவது பல நேரங்களில் மலிவாக இருப்பதில்லை.

ஸ்பாஞ்சைத் தவிர்த்துவிடுங்கள். அதன் தட்டையான பரப்பில் மணல் ஒதுங்க இடமில்லாததால், சிக்கிய துகள் பூச்சின் மீதே அழுந்தி ஓடும். கழுவுவதற்கு, நீண்ட இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறை ஒன்றும், கீழ்ப்பகுதிகளுக்கென்று தனியாக இன்னொன்றும் வாங்குங்கள். செம்மறி ஆட்டு ரோமத்தால் ஆன கையுறை மிகவும் மென்மையானதுதான். ஆனால் அதைக் காயவைப்பதும் பராமரிப்பதும் சிரமம், சீக்கிரம் கட்டிதட்டிப்போகும். தொடக்கத்தில் மைக்ரோஃபைபரே நல்லது. வாளிகள் இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். ஒரு பகுதியைக் கழுவியதும் கையுறையை வெறும் நீரில் அலசி அழுக்கை விட்டுவிட்டு, அதன் பிறகே ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். அடியில் துளைத்தட்டு பொருத்திய வாளியாக இருந்தால் கீழே இறங்கிய மணல் மேலே கலங்கி வராது. ஆனால் தட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் அலசாமல் விட்டால் அதனால் ஒரு பயனும் இல்லை. கூரையில் தொடங்கி, கண்ணாடி, பானட், கதவுகளின் மேற்பாதி என்று கீழ்நோக்கி வந்து, அதிக அழுக்கு ஒட்டும் கதவடியையும் பம்பரின் கீழ்ப்பகுதியையும் கடைசியில் கழுவ வேண்டும்.

கையுறை பூச்சைத் தொடுவதற்கு முன்பே எவ்வளவு அழுக்கைக் கீழே இறக்க முடியுமோ அவ்வளவையும் இறக்கிவிட வேண்டும் என்பதுதான் அழுத்தத்தோடு நீர் அடிக்கும் பிரஷர் வாஷரின் வேலை. அது இல்லாவிட்டாலும், சாதாரணக் குழாயில் பொறுமையாக நீர் அடித்து ஊறவைத்தால் பாதிப் பலன் கிடைக்கும். ஆகவே இது முதல் நாளிலேயே வாங்க வேண்டிய பொருள் அல்ல. வாங்குவதானால், பெரிய அழுத்த எண்ணைத் தேடி அலையாதீர்கள். காருக்கு 100 பார் அளவே தாராளம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது என்பதும், குழாயின் நீளமும், அதை மடங்காமல் சுற்றி வைக்க முடிகிறதா என்பதும்தான் பிற்பாடு உங்களை மகிழவைக்கும் அல்லது எரிச்சலூட்டும். நிறக் குறியீடு உள்ள நாசில்களில் 40 பாகை விரிவு கொண்ட வெள்ளை நிறத்தையே காருக்குப் பயன்படுத்துங்கள். நீரை ஊசிபோல் அடிக்கும் சிவப்பு நிற நாசிலைக் காரின் அருகே கொண்டுபோகவே கூடாது. பூச்சிலிருந்து ஓர் அடி தள்ளியே பிடிக்க வேண்டும். கல் பட்டுப் பெயர்ந்த இடங்களிலும் மறுபூச்சு செய்த ஓரங்களிலும் அருகில் அடித்தால் பூச்சு உரிந்து வந்துவிடலாம். நுரை அடிக்கும் ஃபோம் கேனன் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். அழுக்கை இளக்கவும் செய்யும். ஆனால் அது கையுறையின் இடத்தைப் பிடிக்காது. நுரை அடித்துக் கழுவிவிட்ட காரில் மெல்லிய அழுக்குப் படலம் எப்போதும் எஞ்சி நிற்கும்.

குழாயே இழுக்க முடியாத இடத்தில் காரை நிறுத்துபவராக இருந்தால், அலசத் தேவையில்லாத கழுவு திரவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரே வாளி நீரில் மிகச் சிறிதளவு கலந்து, மென்மையான துணிகளை அதில் ஊறவைத்து, ஒரு பகுதிக்கு ஒரு பக்கம் என்று மடித்து மடித்துத் துடைத்து உடனே உலர்த்திவிடலாம். அதிலுள்ள பாலிமர்கள் துகளைச் சுற்றிப் போர்த்தி வழுக்கவைக்கின்றன. மிதமான தூசிக்கு இது மிக நல்ல வழி. ஆனால் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும் காரில் இதைக் கொண்டு தேய்ப்பது கீறலை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். அத்தகைய நாளில் எங்காவது நீர் அடித்து முரட்டு அழுக்கை நீக்கிவிட்டே இதைத் தொடங்க வேண்டும்.

துணிகளைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். என் அனுபவத்தில் தொடக்கநிலையாளர்கள் மிகக் குறைவாக யோசித்து வாங்குவது இதைத்தான். மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலிஅமைடும் சேர்ந்த இழை. 80க்கு 20, 70க்கு 30 என்ற விகிதங்கள் பொதுவானவை. பாலிஅமைடு கூடக்கூட நீர் உறிஞ்சும் தன்மையும் மென்மையும் கூடும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 300 முதல் 400 வரையிலானவை மெழுகைத் துடைப்பதற்கும் பொது வேலைகளுக்கும் போதும். உலர்த்துவதற்கு அதைவிடக் கனமான, முறுக்கிய வளைய நூல்கள் கொண்ட பெரிய துண்டு ஒன்று வேண்டும். நல்ல துண்டு ஒன்றை ஈரமான பானட்டின் மேல் விரித்து, அழுத்தாமல் மெல்ல இழுத்தாலே நீர் முழுவதும் அதில் ஏறிவிடும். தேய்க்க வேண்டிய தேவையே வராது. தேய்க்காமல் உலர்த்துவதுதான் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையின் முழுப் பயன். ஓரத்தில் முரட்டு நூலால் தைத்ததையும், விலைச்சீட்டு தைத்திருப்பதையும் பாருங்கள். சீட்டை வெட்டினால் எஞ்சும் கூர்மையான முனையே கீறும் என்பதால், தையலோடு பிரித்து எடுக்க வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொடங்கிய புதிதில் என் காரின் இடது கதவில் ஒரே சீரான இடைவெளியில் விழுந்த வளைவான கீறல்களின் காரணத்தைத் தேடிக் கண்டபோது, வெட்டியும் வெட்டாமலும் விட்ட விலைச்சீட்டின் முனை கையில் குத்தியது.

துணிகளை வேலைவாரியாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது: பூச்சுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, உட்புறத்துக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. பிரேக் தூள் ஏறிய துணி மறுபடி ஒருபோதும் பானட்டுக்கு வரக் கூடாது. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடராதீர்கள்; அதைத் துவைக்கப் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்கக் கூடாது, பஞ்சு இழைகளில் சிக்கிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்தால் அது இழைகளின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். அதிக வெப்பத்தில் காயவைத்தால் இழை முனைகள் உருகி விறைத்துவிடும். நன்றாகப் பராமரித்த சாதாரணத் துணி, பராமரிக்காத விலை உயர்ந்த துணியைவிடப் பூச்சுக்கு நல்லது.

தண்ணீரின் கடினத்தன்மையும் உங்கள் தேர்வைப் பாதிக்கும். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீர் பூச்சின் மேலேயே காய்ந்தால் வெண்மையான வட்டங்களை விட்டுச்செல்லும். வெயிலில் சூடேறினால் அவை கிளியர் கோட்டையே அரித்துப் பதிந்துவிடுவதும் உண்டு. கறுப்புக் காரில் இது இரட்டிப்பாகத் தெரியும். எனவே தகடு கைக்குக் குளிர்ந்திருக்கும் நேரத்தில், நிழலில் மட்டுமே கழுவுங்கள். உங்கள் பகுதி நீர் மிகக் கடினமானது என்றால், நல்ல உலர்த்தும் துண்டு ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொள்வது எந்த ரசாயனத்தையும்விட உதவும்.

சக்கரங்களுக்குத் தனி வாளி, தனி கையுறை, மென்மையான தூரிகை இரண்டு, அவ்வளவே. வாரந்தோறும் கழுவப்படும் சக்கரத்துக்கு அதே கார் ஷாம்பு போதும். அமிலம் கலந்த சக்கர கிளீனர்களை, குறிப்பாக ஃபுளோரைடு கலந்தவற்றை, வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். அவை தோலுக்கும் எலும்புக்கும் செய்யும் கேட்டுக்கு முன்னால் சக்கரத்தின் பளபளப்பு ஒரு பொருட்டல்ல. டயருக்குப் பொலிவு தரும், நீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங் வாங்கி, மெல்லியதாகத் தடவி, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். தரையைத் தொடும் பட்டையிலும் பிரேக் வட்டிலிலும் அது படவே கூடாது.

உட்புறத்துக்குப் பொருள்கள் வாங்கும் ஆசை எல்லையற்றது. தேவையோ மிகக் குறைவு. குறுகிய நாசில் உள்ள வாக்யூம் கிளீனர் ஒன்று, காற்றுத் துளைகளுக்குள் நுழையும் மென்மயிர்த் தூரிகை ஒன்று, பொதுப்பயன் கிளீனர் ஒன்று, சில துணிகள், இவை போதும். பொதுப்பயன் கிளீனரைப் பெரும்பாலும் ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் நீர்த்தே பயன்படுத்துவார்கள். பாட்டிலில் உள்ள குறிப்பைப் பின்பற்றி, கண்ணில் படாத மூலையில் முதலில் தேய்த்துப் பாருங்கள். டாஷ்போர்டில் நேரடியாக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைத்தால் ஸ்விட்சுகளுக்குள் ஈரம் இறங்காது. பளபளப்பு தரும் சிலிக்கோன் திரவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. டாஷ்போர்டின் பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச்செய்யும். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் அது பட்டால் வழுக்கும், அது ஆபத்து. இன்றைய கார்களின் தோல் இருக்கைகள் பெரும்பாலும் மேலே ஒரு பூச்சு பூசப்பட்டவை. ஆதலால் எண்ணெய் தடவி ஊட்டம் கொடுப்பதைவிட, வியர்வையும் அழுக்கும் படிந்துவிடாமல் அவ்வப்போது மென்மையாகத் துடைப்பதே அவற்றைக் காக்கும். கண்ணாடிகளில் கூலிங் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அம்மோனியா இல்லாத கிளீனரையே வாங்குங்கள். கறை நீக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சு உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். அதைப் பளபளப்பான பிளாஸ்டிக்கிலும் தொடுதிரையிலும் பயன்படுத்த வேண்டாம்.

இவற்றை வைத்துக்கொண்டு நான்கைந்து முறை காரைக் கழுவிப் பழகிய பிறகு, அடுத்த கட்டமாகப் பூச்சில் ஊன்றிப்போன அழுக்கை நீக்கும் பொருள்களை வாங்கலாம். பிரேக்கிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள்கள் சூடாகப் பூச்சில் பதிந்து அங்கேயே துருப்பிடிக்கும். அயர்ன் ரிமூவர் என்ற திரவம் அவற்றோடு வினைபுரிந்து ஊதா நிறமாக ஓடிவரும். பார்ப்பதற்கு வியப்பாக இருக்கும். நாற்றம் மட்டும் தாங்க முடியாது. குளிர்ந்த தகட்டில் அடித்து, காய்வதற்குள் அலசிவிட வேண்டும், கையுறை அணிய வேண்டும். தார்ப் புள்ளிகளுக்குத் தார் நீக்கி தனியே உண்டு. இவை இரண்டும் தீர்க்காத சொரசொரப்புக்குத்தான் கிளே பார். அதைக் கைக்குள் அடங்கும் துண்டாகப் பிய்த்துத் தட்டையாக்கி, வழுக்குத் திரவத்தைத் தாராளமாக அடித்து, எடையே கொடுக்காமல் நேர்கோட்டில் ஓட்டி, அழுக்கு தெரிந்ததும் மடித்துப் புதிய முகத்தைத் திருப்ப வேண்டும். கீழே விழுந்த கிளேயைத் தூக்கி எறிந்துவிடுங்கள். விலையைப் பார்த்துக் கழுவி எடுத்துக்கொண்டால், அதில் புதைந்த மணல் அதைவிடப் பெரிய செலவை வைத்துவிடும். கிளேயும் மெல்லிய தேய்மானத் தடங்களை விடக்கூடியது, அதிலும் மென்மையான கறுப்புப் பூச்சில் அவை எளிதில் விழும். ஆகவே ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் அதைத் தொட வேண்டியதில்லை.

பாதுகாப்புப் பூச்சில் மூன்று வகை உண்டு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலைகளிலிருந்து எடுக்கும் கார்னவுபா மெழுகு, ஆழமான பளபளப்பைத் தரும். ஆனால் சில வாரங்கள், மிஞ்சினால் ஓரிரு மாதங்கள்தான் நிற்கும். செயற்கைப் பாலிமர் சீலன்ட் பொதுவாக அதைவிட நீண்டு, சில மாதங்கள் தாங்கும். சிலிக்கா அடிப்படையிலான செராமிக் கோட்டிங் முறையாகப் பூசினால் ஓராண்டும் அதற்கு மேலும் நிற்கும். எது அதிகக் காலம் நிற்கிறதோ அதுவே நல்லது என்று தோன்றும்; தொடக்கநிலையாளருக்கு அது உண்மையல்ல. செராமிக் கோட்டிங் அடியில் இருப்பதை அப்படியே பூட்டிவைக்கும்: கீறல் இருந்தால் கீறலோடு. பூசிய சில நிமிடங்களுக்குள் சீராகத் துடைக்கத் தவறினால் திட்டுத் திட்டாக இறுகிவிடும். பிறகு அதை நீக்கப் பாலிஷ்தான் போட வேண்டும். 9எச் கடினத்தன்மை என்று அட்டையில் போட்டிருப்பது பென்சில் முனையால் சோதிக்கும் அளவுகோலைச் சேர்ந்தது. கனிமங்களுக்கான மோஸ் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை. மணல் அதையும் கீறும். எனவே முதல் ஆண்டுக்கு, ஈரமான காரிலோ உலர்ந்த காரிலோ அடித்துத் துடைத்துவிடக்கூடிய ஸ்பிரே சீலன்ட் ஒன்றை வாங்குங்கள். தவறாகப் பூசினாலும் இன்னொரு துணியில் துடைத்தால் சரியாகிவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசுவதே உங்கள் கைக்குப் பயிற்சியும் ஆகும். அதோடு, பறவை எச்சம் விழுந்தால் ஊறவைத்து உடனே எடுக்க ஒரு சிறிய ஸ்பிரேயும் துணியும் காரிலேயே இருக்கட்டும். எந்தப் பாதுகாப்புப் பூச்சும் வெயிலில் காய்ந்த எச்சத்தை நாள்கணக்கில் தாங்காது.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட இயந்திரத்துக்கு வரலாம். மேற்சொன்னபடி சில மாதங்கள் கழுவிய பிறகு, பானட்டின் ஒரு மூலையை டார்ச்சில் படமெடுத்து, தொடக்கத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய கீறல்கள் சேரவில்லை என்று உறுதியானதும் இயந்திரம் வாங்கத் தயங்க வேண்டாம். அச்சு ஒரே இடத்தில் நின்று சுழலும் ரோட்டரி வகையைத் தவிருங்கள். ஒரே இடத்தில் நின்றால் பூச்சைச் சூடாக்கி எரித்துவிடும். சுழற்சியோடு அலைவும் சேர்ந்த டூயல் ஆக்‌ஷன் வகையே வேண்டும். அதிகமாக அழுத்தினால் அதன் பேட் சுழல்வதையே நிறுத்திவிடுவதால், தவறு செய்பவரையும் அது ஓரளவு காப்பாற்றும். 8 முதல் 15 மில்லிமீட்டர் வரை அலைவு உள்ளதும், பேட் ஒட்டும் தட்டு 5 அங்குலம் உள்ளதும் முதல் இயந்திரமாகப் பொருத்தம். 21 மில்லிமீட்டர் அலைவு பெரிய தட்டையான பரப்பில் வேகமாக வேலை செய்யும் என்றாலும், வளைவு நெளிவுகளில் புதியவரின் கைக்கு அடங்காது. ஒரு காருக்கு ஒரு பேட் போதாது. சூடேறிய, பாலிஷ் ஏறிய பேட் வேலை செய்வதை நிறுத்திவிடும். நடுத்தர ஃபோம் பேட் நான்கைந்தும், மென்மையான பேட் இரண்டும், நடுத்தர பாலிஷ் ஒன்றும் வாங்குங்கள். நீங்கள் பார்த்த தொகுப்பில் இருக்கும் முரட்டுக் காம்பவுண்டு உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

எந்தப் பேடும் எந்தப் பாலிஷும் உங்கள் பூச்சுக்குப் பொருந்தும் என்பதை அட்டையில் உள்ள எழுத்து சொல்லாது. ஒரே பாலிஷ் கடினமான பூச்சில் ஒன்றுமே செய்யாமலும், மென்மையான பூச்சில் மங்கலான தடங்களை விட்டும் போகலாம். அதனால் பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி அளவில் டேப் ஒட்டி ஒரு சோதனைக் கட்டத்தைக் குறித்துக்கொண்டு, கையில் இருப்பவற்றில் மிக மென்மையான கூட்டணியில் தொடங்குங்கள். பேடில் நான்கைந்து சிறு புள்ளிகள் பாலிஷ் வைத்து, மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை ஓட்டுங்கள். தண்ணீரில் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுத்த பிறகே டார்ச் வைத்துப் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் பாலிஷின் எண்ணெய் கீறல்களை நிரப்பி ஏமாற்றிவிடும். போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி முரடான பேடுக்கு மாறுங்கள். தகட்டின் மடிப்பு விளிம்புகளில் பூச்சு மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டிவிடுங்கள். எண்பது விழுக்காடு கீறல்கள் போய்விட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மிச்சம் இருபதைத் துரத்துவதில்தான் கிளியர் கோட் கரைகிறது. முதல் நாள் அந்தப் பானட்டை மட்டும் முடித்து, சீலன்ட் பூசிவிட்டு இயந்திரத்தை எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் வெயிலில் அதைப் பக்கத்துக் கதவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, மற்ற பகுதிகளுக்கு அதே பேடும் அதே பாலிஷும் போதுமா என்று முடிவு செய்யலாம்.